பேசிய கருமணல்

மேற்கே கிள்ளான் ஆறு கடலொடு கலக்குமிடத்தில் கதிரவன் சாய, கிழக்கே மழைமுகில் திரள, இடையே கோலாலம்பூரின் வானுயர் மாடங்கள் ஒருபுறம் பொன்னும் மறுபுறம் இருளும் பூசி நிற்க, செராஸ் அடுக்குமனைகளின் பின்னே கிடந்த பழைய ஈயக்குட்டை மட்டும் எவ்வொளியையும் ஏற்காது கறுத்துக் கிடந்தது. முன்னாளில் மண்ணை அரித்து வெள்ளீயம் எடுத்தோர், வேண்டாவெனக் கொட்டிச் சென்ற கருமணல் அதன் கரையெங்கும் படிந்திருந்தது. அம்மணல்மேல்தான், அன்பரீர், சிறியதோர் அம்மன் கோயில் எழுந்திருந்தது. கையில் அள்ளினால் இரும்பெனக் கனக்கும் அம்மணலையே அங்கு வருவோர் அருமருந்தாகப் பெற்றுச் சென்றனர்.

அவ்வெள்ளிக்கிழமை மாலை, பிரிக்பீல்ட்ஸிலிருந்து யுகேந்திரன் அக்கோயிலுக்கு வந்தான். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிப்பவன். கண்ணுக்குப் புலனாகாக் கதிர்களையும் துகள்களையும் உணரும் கருவிகளை ஆக்குவதிலேயே இளமையைச் செலவிட்டு, மணம் முடிப்பதையும் மறந்து, தலை நரைத்தவன். அவன் அண்மையில் செய்து முடித்த உணரி, கதிரொன்று தைக்குந்தோறும் சொடுக்கென ஒலிக்கும். ஒலி எதற்கென்று உடன் பணிபுரிந்தோர் கேட்டபோது, "நம்பரப் பாத்து யாரு பயப்படுவா? சத்தம் கேட்டாத்தான் தள்ளி நிப்பாங்க," என்று பிடிவாதம் பிடித்து அதனைச் சேர்த்தவன் அவனே.

அவனுக்கு உடன்பிறந்தவள் தாமரை ஒருத்திதான். மும்முறை கருச்சிதைந்து மனமுடைந்த அவள், நான்காம் முறை ஆறாம் திங்களை எட்டியிருந்தாள். கோயில் மணலை முடிந்து வயிற்றோடு கட்டியிருப்பதையும், நாள்தோறும் ஒரு சிட்டிகை நாவிலிட்டு விழுங்குவதையும் அவள் வாயாலேயே கேட்டபோது அவனுக்கு நெஞ்சு பதைத்தது. அத்தகைய மணலில் கதிர் உமிழும் தோரியம் உறைவதை அவன் அறியாதவனா? எடுத்துச் சொன்னான், அவள் கேட்கவில்லை. காதாலேயே கேட்கட்டுமென்று அவளையும் அழைத்துக்கொண்டு கருவியோடு வந்தான்.

வாயிலில் எப்போதோ ஒருமுறை ஒலித்த உணரி, மணற்குவியலை நெருங்க நெருங்க, தகரக் கூரையில் மழை விழுந்தாற்போல் படபடத்தது.

"கேட்டியா தாமரை? இதத்தான் சொன்னேன்," என்று அவன் வெற்றியோடு திரும்பினான்.

ஒருவரும் தள்ளி நிற்கவில்லை. பூசாரி அய்யாவு கைம்மணியை நழுவவிட்டு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "அம்மா வாயத் தொறந்துட்டா!" என்று அவர் அலற, பெண்கள் குலவையிட்டனர்.

"இத்தன வருஷமா ராப்பகலா மெஷின் மெஷின்னு கெடந்தது இதுக்குத்தான் லா, அண்ணே," என்று தாமரை அழுதாள். "அம்மா பேசத்தான்."

"அது பேச்சு இல்லம்மா. புள்ளைக்கு ஆகாது."

"டாக்டருங்க எல்லாம் கைய விரிச்சப்ப இவதானே குடுத்தா?"

அவன் கண்ணெதிரே மடிகளிலும் நெகிழிப்பைகளிலும் மணல் அள்ளப்பட்டது. அச்சுறுத்த ஆக்கிய ஒலி அழைப்பாய் மாறிவிட்டது. பொய்யொன்றும் உரைக்காது ஆய்வையே வாழ்வாக்கிக்கொண்ட அம்மனிதன், அப்போது தன் வாழ்நாளின் முதற்பெரும் பொய்க்குத் துணிந்தான். துடிக்கும் கருவியைத் தங்கையின் வயிற்று முடிச்சருகே நீட்டி, கண்களை மூடி, குரலைத் தாழ்த்தினான்.

"அம்மா சொல்றா... அவ மண்ண யாரும் எடுத்துட்டுப் போகக் கூடாதாம். திங்கவும் கூடாதாம். எடுத்ததெல்லாம் இங்கயே வச்சிரணுமாம். புள்ளைய அவளே பாத்துக்குவாளாம்."

 பின்னர்ப் பைகள் ஒவ்வொன்றாய்க் கவிழ்ந்தன. தாமரையும் முடிச்சை அவிழ்த்து, மணலைக் குவியலிற் சேர்த்துக் கும்பிட்டாள். "நாளைக்கும் வந்து அம்மா வாக்கச் சொல்லணும் சாமி," என்று தன் காலைத் தொட வந்த பூசாரியை விலக்கிவிட்டு, யுகேந்திரன் தங்கையை அழைத்துக்கொண்டு வெளியேறினான். வென்றுவிட்டோம் என்ற நிறைவு அவனுக்கு உண்டாகவில்லை. எனினும் பிள்ளை பிழைத்ததென்று ஆறுதல் கொண்டான்.

மகிழுந்தில் அமர்ந்ததும் அவன் உணரியை அணைத்தான். தாமரை முடிச்சு அகன்ற வயிற்றின்மேல் கைவைத்து, தலை சாய்த்து, யாரோ சொல்வதற்குச் செவிகொடுப்பவளாய்ப் புன்னகைத்தாள்.

"நீ ஆஃப் பண்ணியும் பேசுறா, அண்ணே. இப்ப உள்ளேருந்து கேக்குது."

அவன் கை தானாகவே கருவியை நாடியது. அவள் மணலை விழுங்கிய நாள்களெல்லாம் நினைவில் எழ, பொத்தான்மேல் வைத்த விரல் அங்கேயே நின்றது. காணாதவற்றைக் காணவென்றே வாழ்நாளைக் கொடுத்தவன், காணவேண்டிய அந்த ஒன்றைக் காண அஞ்சி, விரலை எடுத்துக்கொண்டு மழைக்குள் வண்டியைச் செலுத்தினான்.