சனிக்கிழமை எண்ணெய்

"கரண்ட்ட இன்னும் கொஞ்சம் ஏத்துங்க மேடம்."

"இதுக்கு மேல ஏத்தக் கூடாது சார். தோல் புண்ணாயிடும்."

"புண்ணானா எனக்குத் தெரியவா போவுது?"

"அதனாலதான் ஏத்த மாட்டேன்றேன்."

ரோஹிணி மெஷினை அணைத்தாள். தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டி இருந்த அந்த மறுவாழ்வு மையத்தில் அவள் பிசியோதெரபிஸ்ட். கட்டிலில் கிடந்தவன் குமரவேல், இரும்புலியூரில் சிமென்ட், கம்பி வியாபாரம் செய்பவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லோடு சரிபார்க்க லாரிமேல் ஏறி, மல்லாக்க விழுந்தான். முதுகுத்தண்டில் அடி. அன்றிலிருந்து தொப்புளுக்குக் கீழே நடக்கும் எதைப் பற்றியும் அவனுக்குத் தகவல் வருவதில்லை.

அறையின் மூலையில் சீட் இல்லாத சைக்கிள் ஒன்று நின்றது. சக்கர நாற்காலியோடு எதிரில் போய் நின்றால் பாதங்களைப் பெடலில் கட்டிவிடுவார்கள். தொடையில் ஒட்டிய பேட் வழியாகக் கரண்ட் போகும், தசை முறை வைத்துச் சுருங்கும், கால் மிதிக்கும். இது நடக்க வைக்காது என்று ரோஹிணி முதல் நாளே சொல்லிவிட்டாள். தசை சூம்புவது குறையும், ரத்தம் நன்றாக ஓடும், உடம்புக்கு மூச்சு வாங்க ஒரு வேலை கிடைக்கும். குமரவேலுக்கு அந்தக் கடைசி விஷயம் ஒன்றே போதும்.

ஆனால் தசைக்குப் போகும் நரம்பும் செத்திருந்தால் கரண்ட் வைத்தாலும் கால் அசையாது. போன வாரம் அசையவில்லை. இன்றும் அசையாவிட்டால் அவன் இடம் வரிசையில் அடுத்து இருப்பவருக்கு.

"இன்னா மச்சான், கரண்ட் பில்லு கட்டாத வூடு மாதிரி கீது உன் காலு?" சைக்கிளில் கால் ஓடிக்கொண்டிருந்த ஜீவரத்தினம் தன் நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார். ஜி.எஸ்.டி ரோட்டில் பைக்கோடு விழுந்து இங்கே வந்து சேர்ந்தவர் அவர். குமரவேல் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

ரோஹிணி பேடை உரித்தாள். போண்டா மடித்த பேப்பர் மாதிரி அது வழுக்கிக்கொண்டு வந்தது. விரலை மோந்து பார்த்தாள்.

"கீதா அக்கா, கொஞ்சம் உள்ள வாங்க."

வெளியே காத்திருந்த அவன் மனைவி ஓடி வந்தாள்.

"சார் கால்ல என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலியே."

"அக்கா..."

"நல்லெண்ணெய்தான். டெய்லி தேய்க்கிறதுதான். இன்னிக்கு சனிக்கிழமை வேற, ஆம்பளைக்கு எண்ணெய் நாளு. நல்ல காரியத்துக்குப் போறோமேன்னு ரெண்டு கை சேத்து ஊத்துனேன்."

"சோப்பு போட்டீங்களா?"

"சோப்பு போட்டா எண்ணெய் பூடுமே!"

"போன வாரம்?"

"அதுவும் சனிக்கிழமைதானே."

ஜீவரத்தினம் சிரித்த சிரிப்பில் அவர் நாற்காலி குலுங்கியது. ரோஹிணி தலையில் கை வைத்துக்கொண்டாள். "எண்ணெய் இருந்தா பேட் சரியா ஒட்டாது, கரண்ட்டும் ஒழுங்கா போகாது. ஈரப் பஞ்சுல துடைச்சா போதும்னு நானும் விட்டுட்டேன். என் தப்புதான்."

குமரவேலுக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு வாரம் தூங்காமல் கிடந்தது இதற்காகவா? மனைவியைத் திட்ட வாயைத் திறந்தான். அதற்குள் ரோஹிணி சோப்புத் தண்ணீரில் அவன் காலைக் கழுவியபடி முட்டியை மடக்கி நீட்டினாள்.

"இங்க பாருங்க, எவ்வளவு ஈஸியா மடங்குது. நிறைய பேருக்கு இதுக்குள்ள இறுகிப் போயிருக்கும். அப்புறம் சைக்கிள்ல வைக்கவே முடியாது. குதிகால்லகூட ஒரு புண் இல்ல. யாரு தினம் மடக்கி விடுறது?"

"எண்ணெய் தேய்க்கச்சொல்லோ நான்தான்... ஆஸ்பத்திரில சொல்லிக் குடுத்தாங்க," என்றாள் கீதா, இன்னொரு குற்றமும் பிடிபட்ட மாதிரி.

வாய்க்கு வந்த வார்த்தையைக் குமரவேல் விழுங்கினான். தினமும் காலையில் அவள் கட்டிலின் அந்தக் கோடியில் உட்கார்ந்து ஏதோ செய்துகொண்டிருப்பாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். யார் வீட்டுப் பாத்திரத்தையோ யாரோ தேய்ப்பது போல அவனுக்கு அது இருந்தது. அவள் கை சூடாக இருந்ததா, வலித்ததா, ஒரு நாளாவது அவன் கேட்டதில்லை.

காலைத் துடைத்துக் காயவைத்து, ரோஹிணி புது பேட் ஒட்டினாள். மெஷினில் கரண்ட் மெல்ல ஏறியது. முதலில் முட்டிக்கு மேலே தோல் சிலிர்த்தது. மாடி அறையில் ரொம்ப நாளாகத் தூங்குகிற ஒருவர் புரண்டு படுப்பது போல. அப்புறம் தொடை திரண்டு இறுகி, பாதம் விசுக்கென்று முன்னால் எழுந்தது.

"ஐயோ!" கீதா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நரம்பு உயிரோட இருக்கு சார்," என்றாள் ரோஹிணி. "இடம் உங்களுக்குத்தான்."

"வா மச்சான், வண்டி காலி!" ஜீவரத்தினம் பெடல் கட்டை அவிழ்த்து, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி வழிவிட்டார்.

குமரவேலை நாற்காலிக்கு மாற்றி, சைக்கிள் எதிரில் நிறுத்திப் பாதங்களைக் கட்டியதும் பெடல் சுற்றத் தொடங்கியது. முதலில் மோட்டார் சுற்றியது. பிறகு கரண்ட் ஏற ஏற, மிதிப்பது அவன் கால்தான் என்று திரையைக் காட்டினாள் ரோஹிணி. காலில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நெஞ்சுக்குத் தெரிந்தது. மூச்சு வாங்கியது, நெற்றி வேர்த்தது. லோடு இறக்கி முடித்த மத்தியான நேரங்களின் அதே வேர்வை.

"ரொம்ப தேங்க்ஸ் மேடம்."

"என்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க?"

அவன் திரும்பிப் பார்த்தான். கீதா தரையில் சிந்திய சோப்புத் தண்ணீரைத் துடைத்து, ஈரத் துண்டைப் பிழிந்து, அவன் குடிக்கத் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"கீதா."

"இன்னாங்க, தண்ணியா?"

"தண்ணி வேணாம். இது இன்னும் கொஞ்ச நேரம் தானா ஓடும். என்னைத் தூக்க வேணாம், திருப்ப வேணாம், ஒண்ணும் செய்ய வேணாம். அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுகினு, என் பக்கத்துல சும்மா உக்காரேன்."