சென் போல்ஸ் வெளிவீதி

மலாயாவில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து பென்ஷனோடு சொந்த ஊரான உரும்பிராய்க்குத் திரும்பிய பரமலிங்கத்தாருக்கு, உலகத்தில் எல்லாமே நேரத்துக்கு நடக்க வேண்டும். சோறு நேரத்துக்கு, குளிப்பு நேரத்துக்கு, கோபம்கூட நேரத்துக்குத்தான் வரும். அப்படிப்பட்ட மனிதர், லண்டனில் டாக்டர் படிப்புப் படிக்கிற மகன் சீவரத்தினத்தைப் பார்க்கக் கப்பலேறினால் சும்மா ஏறுவாரா? முப்பத்தாறாம் ஆண்டு ஆனி மாதம், கப்பல் கொழும்பைத் தாண்டுமுன்பே, எந்த நாள் எந்த இடம் என்று எல்லாம் தீர்மானமாகிவிட்டது. மனைவி ஞானாம்பிகை அதில் தலையிடவில்லை. ஒரு பிஸ்கட் தகரம் நிறைய மிளகாய்த்தூள் எடுத்து வைத்ததோடு தன் ஆயத்தத்தை முடித்துக்கொண்டாள்.

கலியாணம் முடித்து இருபத்தெட்டு வருஷம் என்று பேர்தான். அவர் அங்கே கொடி காட்டி ரயில் அனுப்பிக்கொண்டிருக்க, இவள் இங்கே புகையிலைத் தோட்டத்துக்கு இறைப்பு, பிள்ளையின் படிப்பு, மாமியாரின் நோய் வருத்தம் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாய்ப் பார்த்தாள். அவர் லீவில் வந்து நின்ற நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஒழுங்கான ஒரு குடித்தனம் தேறாது. வெளியே புறப்பட்டால் அவர் முன்னே, அவள் நாலடி பின்னே. ஊரெல்லாம் அப்படித்தான் நடந்தது. அவர் திரும்பிப் பாராமலே கதைத்துக்கொண்டு போவார். பின்னாலிருந்து ஆமோதித்து இடைக்கிடை "ஓம்" என்று வரும். அது வரும்வரைக்கும் ஆளும் வருகிறாள் என்று அவருக்கு நிச்சயம்.

லண்டனில் ஒரு நாள் சீவரத்தினத்துக்குப் பரீட்சை. தாயும் தகப்பனும் தனியே ஊர் பார்க்கப் புறப்பட்டார்கள். புறப்படுமுன் ஞானாம்பிகை, தங்கியிருந்த வீட்டு விலாசத்தை ஒரு துண்டில் எழுதித் தரும்படி கேட்டாள். தான் பக்கத்தில் இருக்க அவளுக்கு விலாசம் எதற்கு என்று பரமலிங்கத்தார் சிரித்துவிட்டார்.

காலையில் சென் போல்ஸ் கோயில், பிறகு ராசாக்களின் பழைய கோட்டை, மத்தியானம் பெரிய மணிக்கூடு, பின்னேரம் நூதனசாலை. இதுதான் அன்றைய ஒழுங்கு. பஸ்ஸால் இறங்கி அந்தப் பெரிய வட்டக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்ததும் ஞானாம்பிகை கை கூப்பிவிட்டாள். இது கிறிஸ்தவர்களின் வேதக்கோயில் என்று அவர் நினைவூட்டினார். கோபுரம் இருக்கிறது, உள்ளே ஆர் இருந்தால் என்ன என்றாள் அவள். வெளிவீதி சுற்றாமல் ஒரு கோயிலுக்குள் நுழைவது மரியாதை இல்லை என்றும் சொன்னாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் நேரம் வீண் என்று எரிந்து விழுந்திருப்பார். ஆனால் நல்லூர் முருகன் கோயில் வீதியைச் சுற்றிச் சுற்றி வளர்ந்த அவருடைய காலுக்கும் அது நியாயமாகவே பட்டது. கோயிலை வலப்பக்கம் விட்டு இருவரும் நடக்கத் தொடங்கினார்கள்.

அவர் பிரசங்கத்தை ஆரம்பித்தார். பழைய கோயில் எரிந்து போனது, புதிதாய்க் கட்டியது, கட்ட எடுத்த காலம், கல்லின் பெருமை எல்லாம் வந்தன. பஸ்ஸும் வண்டியும் தொப்பி போட்ட கூட்டமுமாய்த் தெரு இரைந்தது. பின்பக்கத்து மூலையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போய், "விளங்குதோ?" என்று கேட்டார்.

ஓம் வரவில்லை.

திரும்பினார். பின்னால் ஒரு தபால்காரனும் இரண்டு வெள்ளைக்காரக் கிழவிகளும் வந்துகொண்டிருந்தார்கள். ஞானாம்பிகையைக் காணவில்லை.

வேறு தேசத்து மனிதர் யாராயிருந்தாலும் வந்த வழியே திரும்பி ஓடியிருப்பார். பரமலிங்கத்தாரும் திரும்பத்தான் பார்த்தார். கால் ஒப்பவில்லை. வலம் வந்த கோயிலைப் பாதியில் விட்டு இடம் சுற்றுவதா? சின்ன வயதில் அப்படிச் சுற்றித் தாயிடம் வாங்கிய அறை இன்னும் கன்னத்தில் இருந்தது. ஆகவே முன்னாலேயே விரைந்தார். சுற்றி முடித்தால் பின்னால் போய்ப் பிடித்துவிடலாம் என்று எண்ணம். ஒரு சுற்று முடிந்தது. ஆள் இல்லை. கூப்பிட வாயெடுத்தார். அவர் மனைவியைக் கூப்பிடுவது "இஞ்சாரும்" என்றுதான். அந்தத் தெருவில் இஞ்சாரும் என்றால் யார் திரும்புவார்? கூப்பிட்டார். ஒரு குதிரைதான் தலையைத் திருப்பியது.

இரண்டாம் சுற்றில் அவருக்கு வியர்த்துவிட்டது. அவளுக்கு ஒரு சொல் இங்கிலீசு தெரியாது. விலாசம் கையில் இல்லை. அவள் கேட்டதற்கும் சிரித்து அனுப்பியாயிற்று. மலாயாவில் எத்தனை ரயிலைத் தவறாமல் அனுப்பினாரோ, அந்தப் பெருமையெல்லாம் அந்த வீதியில் கரைந்துபோயிற்று. மகனுக்கு என்ன சொல்வது என்பதைவிட, இத்தனை வருஷமாய் அவள் பின்னால்தான் வந்தாள், ஒருநாளாவது திரும்பிப் பார்த்தேனா என்பதுதான் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது. அவருக்கு அழுகை வந்தது. தொப்பியைச் சரிசெய்கிற சாட்டில் துடைத்துக்கொண்டார்.

படிக்கட்டருகே பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் அவரை மறித்தாள். மூக்குத்தி போட்ட, சிவப்புச் சேலைக்காரியைத் தேடுகிறாரா என்று கேட்டாள். அந்த அம்மாள் கொஞ்ச நேரத்துக்கு முன் அவளைத் தாண்டிப் போனாளாம். அதற்கு முன் இவர் போனாராம், அதற்கும் முன் அந்த அம்மாளாம். இருவரும் ஒருவரையொருவர் துரத்துகிறீர்கள், யாராவது ஒருவர் நில்லுங்கள் என்றாள்.

நிற்கிற பொறுமை பரமலிங்கத்தாரிடம் இல்லை. ஒரு கணம் கோபுரத்தைப் பார்த்தார். பிறகு முருகனிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கோயிலை இடப்பக்கமாக்கி, வந்த வழியே ஓடினார். பென்ஷன்காரர் கோட்டும் சூட்டுமாய் ஓடுவதைத் தெரு ஒதுங்கி நின்று பார்த்தது.

பின்பக்கத்து மூலையில் ஞானாம்பிகை எதிரே வந்தாள். ஒரு கையில் தூக்கிப் பிடித்த சேலைக் கொய்யக மடிப்பு, மறுகையில் கழன்ற சப்பாத்து. முகம் வெளிறி, கண் சிவந்து, வாய் மட்டும் ஏதோ தேவாரத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அவள் தன்னை நோக்கி நடந்து வருவதை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். தலையில் இவ்வளவு நரை எப்போது விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் முதலில் சொன்னது, "ஏன் இடம் சுத்தி வாறியள்? கூடாதெல்லே."

"நீர் எங்கை நிண்டனீர்?"

"சப்பாத்துக் கழண்டு போச்சு. குனிஞ்சு நிமிர உங்களைக் காணேல்லை. முன்னாலைதானே போவியள், விடாமல் நடந்தால் ஒருநாளைக்குப் பிடிச்சிடலாம் எண்டு நடந்தனான்."

பரமலிங்கத்தார் குனிந்து அந்தச் சப்பாத்தை வாங்கி, தெரு பார்க்க, அவளுடைய காலில் மாட்டிவிட்டார். அவள் கூசிப்போய்க் காலை இழுத்தாள். அவர் விடவில்லை.

இடம் சுற்றிய தோஷம் தீர இன்னொரு சுற்று வர வேண்டும் என்று அவள் பிடிவாதமாய் நின்றாள். வந்தார்கள். இந்த முறை அவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலேயே, அவளுடைய நடைக்குத் தக்கபடி நடந்தார். பிரசங்கம் இல்லை. தோட்டத்துக் கிணறு வற்றிய வருஷத்தைப் பற்றி அவள் சொல்ல, அவர் "ஓம்" சொன்னார். பிறகு படிக்கட்டில் குந்தி, கைப்பையிலிருந்த பயற்றம் பணியாரத்தைத் தின்று, புறாக்களுக்கும் உதிர்த்துப் போட்டார்கள். கோட்டைக்கும் மணிக்கூட்டுக்கும் நேரம் போய்விட்டது. நேரம் போனதை அவர் கவனிக்கவில்லை.

ஊருக்குத் திரும்பிய கிழமை, லண்டன் கதை கேட்க வீட்டு விறாந்தை நிறைய ஆட்கள். முன்வரிசையில் பக்கத்து வீட்டு ஆழ்வாப்பிள்ளை. சென் போல்ஸ் கோயிலின் உள்வேலைப்பாடு சொல்லி முடியாதாமே, அதைக் கொஞ்சம் சொல்லும் என்று அவர் கேட்டார். புத்தகத்தில் படித்ததை வைத்தே பரமலிங்கத்தார் ஒரு மணிநேரம் அளந்திருக்கலாம்.

"உள்ளுக்கை போகேல்லை," என்றார்.

சபை திகைத்தது. அவ்வளவு காசு செலவழித்துக் கடல் தாண்டிப் போய், வாசல்வரை போய், உள்ளே போகாமல் வந்தவரை அவர்கள் கண்டதில்லை.

"அப்ப அங்கை என்னத்தைப் பாத்தனீர்?" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

பரமலிங்கத்தார் சபையை விட்டுத் திரும்பி, கதவு நிலையோடு தேநீர்த் தட்டுடன் நின்ற ஞானாம்பிகையைப் பார்த்தார்.

"இவவைத்தான்," என்றார்.

பகிடி என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். ஞானாம்பிகை சிரிக்கவில்லை. தட்டை ஆழ்வாப்பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, அத்தனை பேர் பார்க்க, வந்து அவருக்குப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தாள்.