தெளிவான படம்

…அசையாமல் கிட என்று சொல்வது சுலபம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு யார் வேண்டுமானாலும் சொல்லலாம், இந்த எம்ஆர்ஐ குழாய்க்குள் வந்து படுத்துப் பார்த்தால் தெரியும், மூக்கை ஒட்டிக் கூரை, இடுப்புக்கு மேல் ஒரு பலகையை வைத்து வார்போட்டுக் கட்டியாயிற்று, கையில் ஒரு ரப்பர் பந்து, அவசரமென்றால் அமுக்கணுமாம், எது அவசரம், மூத்திரம் முட்டுவது அவசரமா இல்லையா? சத்தம் மறுபடி ஆரம்பித்தது, டடடடவென்று, ஈஜிபுராவில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக முடியாமல் கிடக்கிற மேம்பாலத்துக்குத் துளை போடுகிற மாதிரி… அப்பாதுரை பல்லைக் கடித்தார். வேலையிலிருந்த காலமெல்லாம் பஸ் கண்டக்டர், ஓடுகிற வண்டியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தே பழகிய உடம்பு, அதைப் பிடித்துக் கட்டிப் போட்டால் கேட்குமா?

அதுவும் இரண்டாவது தடவை. போன வாரம் இதே மேஜையில் படுத்து எழுந்து வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைத்த பிறகு போன், குடலில் வாயு இருந்ததாம், புராஸ்டேட் படம் கலங்கிவிட்டதாம், இன்னொரு முறை வரணுமாம். வாயுவுக்கு அவர் என்ன செய்வார்? கொண்டைக்கடலை கூடாது, கோஸ் கூடாது என்று மனைவி காந்தா ஒரு வாரமாக ரசம் சோறே போட்டாள், மகன் பிரகாஷ் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "ஸ்கேன் எடுத்தாதான்ப்பா எந்த எடத்துல ஊசி போட்டுச் சதை எடுக்கணும்னு கரெக்டா தெரியும், இல்லன்னா குருட்டாம்போக்குல குத்துவாங்க." நன்றாகத்தான் சொன்னான், ஆனால் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லையே… ரத்தத்தில் ஏதோ அளவு கூடியிருக்கு என்றார்கள், மாத்திரை தின்றார், திரும்ப ரத்தம், திரும்பவும் கூடியிருக்கு, அப்புறம் அந்தச் சின்ன வயசு டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு, சீ, அதை நினைக்கவே கூடாது. கேன்சரா என்று கேட்டால் இப்பவே சொல்ல முடியாது, இல்லையா என்று கேட்டால் அதுவும் சொல்ல முடியாது, பிறகு என்னதான் படித்தார்கள்? ஆபரேஷன் ஆனால் தாம்பத்தியத்தில் கொஞ்சம் கஷ்டம் வரலாம் என்று மட்டும் பளிச்சென்று சொல்லத் தெரிந்தது, பிரகாஷை வைத்துக்கொண்டே, காந்தா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள்…

"அங்கிள், அல்லாடபேடி!" காதில் மாட்டியிருந்த ஹெட்போனுக்குள் கன்னடத்தில் வெடித்தது லவினாவின் குரல், மெஷினை ஓட்டுகிற பெண், வந்ததிலிருந்தே கடுகடுதான். "அசையாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது? இத திரும்ப எடுக்கணும்."

"நான் எங்கம்மா அசைஞ்சேன்? மூச்சு விட வேணாவா?"

"மூச்சு விடுங்க. இடுப்ப ஆட்டாதீங்க, அவ்ளோதான்."

இடுப்பு. இடுப்பில் இப்போது ஒன்றுமில்லை, அதுதான் ஒரு மாதிரி இருக்கிறது. உலோகம் உள்ளே வரக்கூடாதென்று வெள்ளி அரைஞாணைக் கழற்றச் சொன்னார்கள், கொக்கி இறுகிப்போய்க் கிடந்தது, உடை மாற்றுகிற அறையில் காந்தா குனிந்து நகத்தால் நெம்பிப் பார்த்து முடியாமல் பல்லால் கடித்துத்தான் திறந்தாள். அவள் மூச்சு வயிற்றில் பட்டது. என்ன காரணமோ அதற்கும் எரிந்து விழுந்தார், "சீக்கிரம் ஆகட்டும், ஆளுங்க பாக்கறாங்க." யார் பார்த்தார்கள்? கதவு சாத்தித்தானே இருந்தது… கையில் ஏற்கெனவே குத்தி வைத்திருந்த ஊசி வழியாக ஏதோ மருந்து ஏறியது, முழங்கையிலிருந்து தோளுக்கு ஜில்லென்று ஓடியது, சத்தம் மாறியது, நீளமாக, தேனீ போல. சகிச்சுக்கோ, முடியட்டும், எழுந்ததும் இந்தப் பெண்ணை நாலு கேள்வி கேட்கணும், என் வயசென்ன உன் வயசென்ன, நோயாளியிடம் இப்படித்தான் பேசுவாயா, போன வாரம் ஒழுங்காக எடுத்திருந்தால் இந்தப் பாடு எதற்கு… வார்த்தைகளை ஒவ்வொன்றாக அடுக்கி வைத்துக்கொண்டார்.

சத்தம் நின்றது. உடனே யாரும் வரவில்லை. தூங்கிவிட்டாளா என்று நினைத்தபோது மேஜை வெளியே நகர்ந்தது, வெளிச்சத்தில் கண் கூசியது, வார் அவிழ்ந்தது, முதுகுக்குக் கீழே ஒரு கை வந்து தாங்கியது. லவினாதான்.

"மெதுவா எழுந்திரிங்கப்பா. ஒண்ணும் அவசரமில்ல. தல சுத்துதா?"

"இல்ல." அடுக்கி வைத்ததில் முதல் வார்த்தையைத் தேடினார், கிடைக்கவில்லை. "இந்த வாட்டி படம் நல்லா வந்துச்சாம்மா?"

"ரொம்ப தெளிவா வந்திருக்குப்பா," என்றாள், அவர் கையிலிருந்த ஊசியைப் பார்த்தபடி. "ரிப்போர்ட்ட டாக்டர் பாத்துட்டு சொல்வாங்க." பஞ்சை வைத்து ஊசியை எடுத்தாள், வலிக்கவே இல்லை, எடுத்த பிறகும் அந்த இடத்தை அழுத்தியபடியே நின்றாள், அவ்வளவு நேரம் அழுத்த வேண்டுமா என்ன… வெளியே காந்தா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பாள், என்ன சொன்னாங்க என்பாள், படம் தெளிவாக வந்திருக்கிறது என்று சொல்லலாம், பொய்யில்லை. அங்கிள் எப்போது அப்பா ஆனது? இத்தனை நேரமும் யாராவது கொஞ்சம் தன்மையாகப் பேசமாட்டார்களா என்றுதானே கிடந்தார், இப்போது இந்தப் பெண் ஒரே ஒரு தடவை, சீக்கிரம் இறங்குங்க அங்கிள், அடுத்த ஆள் காத்திருக்காங்க என்று எரிந்து விழுந்தால் போதும் என்றிருந்தது.