அபியோ செத்தபின் போட்டுக்கொண்ட மூன்று ஊசிகள்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. ஹோமா பே என்னும் ஊரின் ஏரிக்கரையில், எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் ஊசியை ஆராயும் நிலையத்தில் நான் பதிவேடு பார்ப்பவன். அங்கே ஊசி போடும் நர்ஸ் பெரிஸ், ஒரு மதியம் உகாலி என்னும் மக்காச்சோளக் களியைப் பிசைந்தபடி, ஒரு வாய்கூட உண்ணாமல் சொன்னது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ஏரிமேல் மூடுபனி மெல்ல—'

வேண்டாம். அன்று நல்ல வெயில்.

2

இரண்டு மாதத்துக்கு ஒரு ஊசி. ஆய்வில் சேர்ந்த நாள்முதல் ஒருமுறையும் தவறாத அபியோ அக்டோபரில் வரவில்லை. பெரிஸ் தேடிப் போனாள். கரையில் மீன் உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் வீட்டை விசாரித்தாள்.

"எந்த அபியோ? படகு கவுந்து செத்தாளே, அவளா? மார்ச்லயே பொதைச்சாச்சே."

ஏப்ரலில் பெரிஸ்தான் அவளுக்கு ஊசி போட்டாள். ஜூனில், ஆகஸ்டிலும். ரத்தமும் எடுத்தாள். (அது சில்லென்று இருந்ததாக எழுதி அடித்துவிட்டேன். பெரிஸ் அப்படிச் சொல்லவில்லை.)

வீட்டு முற்றத்தில் சமாதி இருந்தது. அதன் பின்னாலிருந்து அபியோ வந்தாள்.

"வாங்க சிஸ்டர். இவ்வளவு தூரம் நடந்தா வந்தீங்க?"

3

இங்கே உங்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை. வந்தவள் அடோங்கோ. அபியோவோடு இரட்டையாய்ப் பிறந்தவள், அதே முகம்.

"ஏப்ரல்ல, அவ செத்ததைச் சொல்லத்தான் வந்தேன் சிஸ்டர். நீங்க அவ பேரைக் கூப்பிட்டீங்க, குப்புறப் படுன்னீங்க. படுத்துட்டேன்."

"ஏம்மா, கேட்டா கவர்மென்ட் ஆஸ்பத்திரியில நோய் வராம தடுக்க மாத்திரை குடுப்பாங்களே."

"டப்பா கிலுகிலுக்கும். அவ புருஷன்தான் இப்ப எனக்கும் புருஷன். அவனுக்கு நோய் இருக்கு, மருந்தைத் தொடமாட்டான். என்கிட்ட டப்பாவைப் பாத்தா, நோயை நான்தான் கொண்டுவந்தேன்னு அடிச்சே கொன்னுடுவான். ஊசின்னா வெளிய தெரியாது."

"அப்ப இந்தத் தடவை ஏன் வரல?"

அடோங்கோ சமாதியைப் பார்க்காமல் நின்றாள்.

"ஆகஸ்ட்ல, தூக்கம் எப்படின்னு கேட்டீங்க. நல்லா வருதுன்னு என் வாயிலேருந்து பதில் வந்துச்சு. அது நான் சொல்லல சிஸ்டர். அவ சொன்னா."

பெரிஸுக்கு அந்தக் குரல் நினைவிருந்தது, அபியோவின் குரல். பழகிய அந்தக் குரலைக் கேட்டதால்தான் அன்று பெரிஸ் வந்தவளின் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

4

பெரிஸ் இதை மறைத்திருந்தால், பல நூறு பெண்களுக்கான ஆய்வு முடிவு ஒரு செத்தவள்மேல் நின்றிருக்கும். 'மரணம், மார்ச்' என்று எழுதிக் கொடுத்தாள். மூன்று ரத்தப் பரிசோதனைகளையும் ஒதுக்கினார்கள். ஆய்வில் அடோங்கோவுக்கு இடமில்லை. அவள் உடம்பில் மிச்சமிருக்கும் மருந்து நாளுக்கு நாள் குறைகிறது. இதே ஊசியை இப்போது மாவட்ட மருத்துவமனையில் போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை தானே அழைத்துப்போவதாக பெரிஸ் சொல்லியிருக்கிறாள்.

"அங்க உன் சொந்தப் பேரைச் சொல்லணும்."

"முயற்சி பண்றேன்," என்றாளாம்.

5

முடிவு ஒன்று: அடோங்கோ மருத்துவமனை வரிசையில் நிற்கிறாள். பெயர் என்னவென்று கேட்கிறார்கள். அவள் வாயைத் திறந்து—

முடிவு இரண்டு: கதவு சாத்தியிருக்கிறது. பெரிஸ் கூப்பிடுகிறாள். உள்ளேயிருந்து—

இரண்டையும் பாதியில் விட்டேன். இரண்டிலும், நான் எழுதாமலே, பேச முந்துகிறவள் அபியோ.

இன்று செவ்வாய். வெள்ளிக்கிழமை அந்த வீட்டு வாசலில் நின்று பெரிஸ் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது? என்னால் முடிவுசெய்ய முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.