எஞ்சின் ஓடும்போது

கியர் லீவரை ‘டி’-க்குத் தள்ளிவிட்டுச் சின்னவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள். எஞ்சின் அலறியது. கார் அசையவில்லை.

மறுபடி மிதித்தாள். சத்தம்தான் ஏறி இறங்கியது. வீட்டு வாசல் சரிவில் தானாக வழுக்கிக்கொண்டு பின்னால் வந்ததை வண்டி ஓடுகிறது என்று நினைத்துவிட்டாள். இப்போது அது தெருவின் குறுக்கே அப்படியே நின்றது.

பின் சீட்டில் அம்மாவின் மடியில் அப்பா சாய்ந்திருந்தார். பனியன் வியர்வையில் தொப்பலாக நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. இடது கையை யாரோ ஒருவருடையதைப்போல மறு கையால் பிடித்து வைத்திருந்தார்.

“என்னடி பாத்துட்டிருக்க? எடேன்!” என்றாள் அம்மா.

“போக மாட்டேங்குதும்மா.”

ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்துதான் வர வேண்டும், சொந்த வண்டி இருந்தால் நீங்களே கொண்டுவந்துவிடுவது நல்லது என்று போனில் பேசிய பெண் சொல்லியிருந்தாள். எதிர்வீட்டு பேக்கரிக்காரர் முழங்கை வரை மாவோடு ஓடி வந்தார். அவருடைய வேன் சரக்கு இறக்கப் போயிருந்தது.

“தள்ளி விடட்டுமாம்மா?”

“எஞ்சின் ஓடுதுண்ணே. கியர்தான் விழல. தள்ளினா எது வரைக்கும் தள்ளுவீங்க?”

காலையில் அப்பா இந்தக் காரின் அடியில்தான் படுத்துக்கிடந்தார். கியர் ஆயில் மாற்றுகிறாராம். தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து வீட்டில் எதுவும் கடைக்குப் பழுது பார்க்கப் போனதில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பிரித்து மாட்டினால் இரண்டு திருகாணி மிஞ்சும். “கம்பெனிக்காரன் தாராளமா எக்ஸ்ட்ரா போட்டிருக்கான்” என்பார். கடிகாரமும் ஓடும். போன வாரம் பெரிய மாப்பிள்ளை வந்திருந்தபோது, “மாமா, ஆட்டோமேட்டிக் கியருங்க. அதுல மட்டும் கை வைக்காதீங்க. ஒர்க்‌ஷாப்புல விட்டுருங்க” என்று படித்துப் படித்துச் சொன்னார். அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

“சின்னவளே.”

அப்பாவின் குரல் தரையோடு வந்தது. அவள் திரும்பினாள்.

“இன்னும் முடியல... பாதிதான் ஊத்தினேன். எஞ்சின நிறுத்தாத. ‘பி’-ல போடு. ஓடறப்பதான்... ஆயில் அளவுக் குச்சிய எடுத்துப் பாக்கணும்.”

“நீங்க பேசாதீங்க!” என்று அம்மா அவர் வாயைப் பொத்தப் போனாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சின்னவள் இறங்கிப் பானெட்டைத் தூக்கினாள். சூடு முகத்தில் அடித்தது. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். கண்ணில் பட்ட மஞ்சள் வளையத்தைப் பிடித்து உருவினாள். குச்சியின் நுனியில் கோடு வரைக்கும் ஆயில் இருந்தது. பின் ஜன்னலுக்கு ஓடினாள்.

“அப்பா, ஆயில் நிறைய இருக்கே!”

“என்ன கலர்?”

“கருப்பு.”

“அது எஞ்சினோடது.” கண்ணை மூடி மூச்சை இழுத்தார். “இன்னொன்னு... பின்னாடி, அடியில. கையை உள்ள விடு. இது சிவப்பா இருக்கும்.”

சுடும் குழாய்களுக்கு நடுவில் கையை நுழைத்துத் தடவினாள். மணிக்கட்டு எதிலோ பட்டுப் பொசுங்கியது. கிடைத்தது. உருவினாள். நுனி காய்ந்துகிடந்தது. ஈரப்பசைகூட இல்லை.

“ஒண்ணுமே இல்லப்பா!”

“கேன் ஷெட்டுல இருக்கு. புனலும்.”

அவள் ஓடினாள். பேக்கரிக்காரர் அதற்குள் தெருமுனையில் நின்று போகிற வருகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருந்தார். பைக்கில் வந்த ஒருவன் நின்று, பார்த்துவிட்டு, போய்விட்டான். கேனைத் தூக்கிக்கொண்டு அவள் திரும்பியபோது அம்மா அழத் தொடங்கியிருந்தாள்.

குச்சி இருந்த துளை விரல் அகலம்கூட இல்லை. புனலின் நீண்ட மூக்கை அதில் சொருகிக் கேனைச் சாய்த்தாள். பாதி உள்ளே போனது, பாதி அவள் கையிலும் உடுப்பிலும் வழிந்தது. நல்ல சிவப்பு. புனலில் நிறைந்து நின்ற ஆயில் இறங்கவே மாட்டேன் என்பதுபோல் நின்றது. அதன் மேல் ஒரு குமிழி வந்து உடைந்தது. அவ்வளவு மெதுவாக இந்த உலகத்தில் எதுவும் இறங்கி அவள் பார்த்ததில்லை.

“ஊத்திட்டியா?” அம்மா கத்தினாள். “ஊத்திட்டியாடி?”

“இறங்குதும்மா!”

“எல்லாத்தையும் ஊத்திராத.” அப்பா சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. அம்மாதான் அழுகையோடு அழுகையாக அதை எடுத்துச் சொன்னாள். “எல்லாத்தையும் ஊத்த வேணாமாம். கூடினாலும் கெடுதலாம். தொடச்சிட்டு மறுபடி பாக்கணுமாம்.”

துடைத்தாள். விட்டு எடுத்தாள். கீழ்க் கோட்டைத் தொட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். பானெட்டை அறைந்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“பிரேக்க மிதிச்சுக்கிட்டு... ஒவ்வொண்ணா போடு. ‘ஆர்’. நிறுத்து. ‘என்’. நிறுத்து.”

அவள் போட்டாள். ‘டி’-க்கு வந்ததும் காரின் வயிற்றில் எதுவோ ‘டொக்’கென்று பிடித்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். கார் நகர்ந்தது.

“பிடிச்சிருச்சு,” என்றார் அப்பா. அந்த நிலையிலும் குரலில் ஒரு மிதப்பு இருந்தது.

பேக்கரிக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். அவள் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் பெரிய சாலையில் ஏறினாள். கண்ணாடியில் அப்பாவின் நெற்றியும் அம்மாவின் தாடையும் மட்டும் தெரிந்தன. எஞ்சின் சத்தம் ஏறி, தணிந்தது.

“ரெண்டு விழுந்துருச்சு,” என்றார் அப்பா.

முன்னால் போன லாரியைத் தாண்டினாள். மறுபடி ஏறி, தணிந்தது.

“மூணு... மெதுவா மிதி. சறுக்கப்போகுது.”

“சரிப்பா.”

“உன் அத்தான்கிட்ட சொல்லு... நல்லாதான் ஓடுதுன்னு.”

“நீங்களே சொல்லுங்கப்பா. சாயங்காலம் வருவாரு.”

சாலை நேராகக் கிடந்தது. வண்டி வேகம் பிடித்தது. சத்தம் ஏறி, உச்சிக்குப் போய், மெல்லத் தணிந்தது. நாலாவது கியர். துளி குலுக்கல் இல்லாமல் விழுந்தது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

பின்னாலிருந்து பேச்சு வரவில்லை.

கண்ணாடியைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினாள்.

சின்னவளும் கைகொடுத்துத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது நர்ஸ் அப்பாவின் பனியனை இழுத்து இழுத்துப் பார்த்தாள். “எங்க அடிபட்டிருக்கு? இவ்வளவு ரத்தம்?”

“ரத்தமில்ல,” என்றாள் சின்னவள். “ஆயில். என் கையிலேர்ந்து பட்டது.”

டாக்டர் வெளியே வர நேரமாகவில்லை. வயதில் சின்னவர். கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டே, “கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா...” என்று ஆரம்பித்தவர் சின்னவளின் கைகளைப் பார்த்தார். “உக்காருங்கம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பெஞ்சில் அம்மா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

“நான்தான் கத்திட்டிருந்தேன்,” என்றாள். “சாப்பிட வாங்க, சாப்பிட வாங்கன்னு. இதோ முடிஞ்சிருச்சு, ஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டு வந்துடறேன்னாரு. ஆறிப்போகுதுன்னு நான்தான் பாதியில எழுப்பி...”

சின்னவள் நகர்ந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். புடவை கறையாகிவிடும் என்று கையை மட்டும் தள்ளி வைத்துக்கொண்டாள்.

விளக்கு போடும் நேரத்தில் பெரியவளும் அத்தானும் வந்து சேர்ந்தார்கள். வீட்டுக் கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தது. பெரியவள் காலடியில் விழுந்து அழுது ஓய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தாள்.

“உள்ளூர்லதானே ஆஸ்பத்திரி. வலி வந்ததும் கிளம்பிட்டேன்னு சொன்ன. ஏன் அவ்வளவு நேரமாச்சு?”

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சின்னவளைப் பார்த்தார்கள். சுவரோரம் நின்ற பேக்கரிக்காரர் குனிந்து தரையைப் பார்த்தார். அத்தானின் பார்வை ஜன்னல் வழியாக வாசலில் நின்ற காருக்குப் போய், அங்கிருந்து சின்னவளின் நகக்கண்களுக்கு வந்தது. எத்தனை சோப்புப் போட்டும் அந்தச் சிவப்பு போகவில்லை.

“வண்டி...” என்று அத்தான் தொடங்கினார்.

“மார்க்கெட்டுல கூட்டம்,” என்றாள் அம்மா.

அவள் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். யாரையும் பார்க்கவில்லை. “ஒருத்தனும் வழி விடல. இவ என்ன பண்ணுவா? அவரு செஞ்சு வச்ச வண்டி வெண்ணெயா ஓடுச்சு. அவ்வளவுதான்.”

விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லாதவள் அம்மா. பெரியவளுக்கும் அது தெரியும். தெருவில் எவனோ ஹாரன் அடித்துக்கொண்டு போனான். அத்தான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டார்.

“நல்லாத்தான் பண்ணியிருப்பாரு,” என்றார்.

மறுநாள் காலை அப்பாவைக் கொண்டுபோக வேன் வந்தது. கார் வாசலை அடைத்துக்கொண்டிருந்ததால் வேன் கிட்டே வர முடியவில்லை. “சாவியைக் குடு, நான் ஒதுக்கறேன்” என்று அத்தான் கையை நீட்டினார். “இல்லத்தான், நானே எடுக்கறேன்” என்றாள் சின்னவள்.

வாசலில் நின்றவர்கள் விலகிக்கொண்டார்கள். அவள் ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டு மதில் ஓரம்தான் இடம் இருந்தது. பின்னாலேயே போய் நிறுத்த வேண்டும். கண்ணாடியில் பார்த்தால் ஒரே ஆள் கூட்டம்.

அந்தக் கூட்டம் பிளந்தது. அம்மா வெறுங்காலோடு இறங்கி வந்தாள். யாரோ “நீங்க எதுக்கு வர்றீங்க” என்று தோளைத் தொட்டதை விலக்கிவிட்டு, நேராகக் காரின் பின்னால் போய் நின்றாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு டிக்கியில் தட்டினாள்.

“வா,” என்றாள். “வா... வா... இன்னும் வா.”

சின்னவள் காலை மெல்லத் தளர்த்தினாள். கார் பின்னால் நகர்ந்தது.

“லெப்ட்ல ஒடி. வா... வரலாம்.”

பின் சக்கரம் மதிலோரக் கல்லைத் தொட்டது. அம்மா டிக்கியை இரண்டு முறை தட்டினாள்.

“போதும்.”

சின்னவள் எஞ்சினை நிறுத்தினாள். வேன் வாசலை நோக்கிப் பின்னால் வரத் தொடங்கியது. அம்மாவின் உள்ளங்கை டிக்கியின் மேலேயே இருந்தது.