வெளுத்த பூவுக்கு வரன் தேடிய கதை

என் நாற்றுப் பண்ணையில் செண்டுமல்லி எல்லாம் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூத்திருக்க, ஒன்றே ஒன்று மட்டும் பாலாடை நிறத்தில் பூத்தது. அந்த நிறம் இன்னொரு முறை வாய்க்குமோ என்னவோ, விதை எடுத்தே ஆகவேண்டும். காய்ந்த பூக்கள் ஐந்தைப் பிரித்தேன், அத்தனையும் பதர். வேர் வேறு அழுகத் தொடங்கிவிட்டது. மிச்சம் ஒரே பூ.

பக்கத்தில் கடிகாரம் பழுது பார்க்கும் அக்காவிடம் தொட்டியோடு போனேன்.

"என்னடா, இதுக்கும் பேட்டரி மாத்தணுமா?"

"கிண்டலை அப்புறம் வச்சுக்கோ. உள்ள என்ன கோளாறுன்னு பாருக்கா."

கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு, சாமணத்தால் ஓர் இதழை உருவினாள்.

"டேய், இது இதழே இல்ல. அடியில பாரு, குட்டி விதைப்பை. மேல ரெண்டாப் பிரிஞ்ச நாக்கு. ஒவ்வொண்ணும் தனிப் பூடா!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை நாளும் ஒரு கும்பலையே ஒரே ஆள் என்று சொல்லி விற்றிருக்கிறேன்.

அக்கா நடுப்பகுதி வரை துழாவினாள். "எல்லாம் பொண்ணு. மகரந்தம் மருந்துக்கும் இல்ல. மாப்பிள்ளையே இல்லாம பிள்ளைக்கு எங்க போறது? உன் பண்ணையில வேற பூ இல்லையா?"

"எல்லாம் இதே மாதிரி உருண்டைதான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. வாசல் சாக்கடையோரம் தானாக முளைத்த செண்டுமல்லி ஒன்று இருந்தது. ஐந்தே இதழ், நடுவில் மஞ்சள் மெத்தை. வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம். நாற்றமடிக்கிறது என்று அன்று காலையில்தான் பிடுங்கி எறிந்திருந்தேன். அதை அக்காவிடம் சொன்னேன்.

"அடப் பாவி! மாப்பிள்ளையைக் குப்பைக்கு அனுப்பிட்டு விதை தேடுறியே!"

ஓடினேன். குப்பையைக் கிளறியபோது, திட்டு வாங்கிய அதே நாற்றம்தான் வழிகாட்டியது. இலை துவண்டிருந்தது, பூ வாடவில்லை. முகர்ந்தேன், மூக்கெல்லாம் மஞ்சள் பொடி. வேரோடு பிடுங்கியிருந்ததால் தொட்டியில் நட்டுத் தண்ணீர் ஊற்றினேன், பிழைத்துக்கொண்டது. உருண்டைப் பூ விளிம்பிலிருந்து உள்நோக்கி விரிய விரிய, காலைதோறும் பொடியைத் தடவினேன்.

பாலாடைச் செடி போய்ச் சேர்ந்தது. காய்ந்த தலையைப் பிரித்தோம். பதர், பதர், பிறகு கறுப்பாய், வைக்கோல் நிறக் குஞ்சத்தோடு, கெட்டியாய்ப் பதினொன்று.

"அதே வெள்ளை வருமாடா?"

"யாருக்குத் தெரியும்? மாப்பிள்ளை வீட்டு ஜாடையும் அடிக்கலாம்."

பதினொன்றும் முளைத்துவிட்டன. அக்கா இப்போதெல்லாம் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டே, கடை திறப்பதற்கு முன்னால் இங்கே வந்து நிற்கிறாள். மொட்டு இன்னும் வைக்கவில்லை.