மேல்மாடிக்கு வந்த கூட்டம்

இந்தோனேசியாவின் மெனாடோ பல்கலைக்கழக நூலகத்தின் மேல்மாடியில் இரண்டு ஆட்கள் அளவு நாடா பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் நூலகர் மெய்ஸ்கேவுக்கு விஷயமே தெரிந்தது. நேராகத் துணை ரெக்டர் ஹெங்கியின் அறைக்குப் போனாள்.

"ஆளே வராத இடத்துக்கு ரெண்டு மாடி எதுக்கு, இபு?" என்றார் அவர். பெண்களை 'இபு' என்றும் ஆண்களை 'பாக்' என்றும் அழைப்பது அங்கே மரியாதை. "மேல்மாடியைக் கூட்ட அரங்கமா மாத்தப் போறோம். மாசக் கடைசியில ரெக்டரே நேர்ல வந்து பார்த்து முடிவு பண்ணுவாங்க."

மேல்மாடி காலியாகத்தான் கிடந்தது. மின்விசிறிகள் ஓடி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

திரும்பி வந்தவள், வாசல் பலகையில் தானே வாராவாரம் ஒட்டும் நூலகச் செய்தியை நின்று படித்துப் பார்த்தாள். புதிய வரவுகள், விடுமுறை அறிவிப்பு, அமைதி காக்கவும்.

"இதைப் படிச்சா எனக்கே கொட்டாவி வருது," என்றாள் பக்கத்தில் வந்து நின்ற ஓல்வி. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். "இங்க நடக்கிறதை எழுதேன்டி."

"இங்க என்ன நடக்குது?"

"ஏன், நேத்து மீன்வளத் துறைக்காரன் ஒருத்தன் பல்லிக்குப் பயந்து மேசை மேல ஏறி நின்னானே, அது நடக்கலையா?"

மெய்ஸ்கே அன்றே எலெக்ட்ரீஷியனைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துவந்தாள். மறுநாள் பலகையில் தடித்த எழுத்தில் எழுதினாள்: "மேல்மாடி மின்விசிறிகள் உயிர் பிழைத்துவிட்டன. பார்க்க வருகிறவர்கள் பழம் கொண்டுவர வேண்டாம்." அடுத்தது பல்லிச் செய்தி, ஆளின் பெயரை விட்டுவிட்டு, பல்லி நலமாக இருப்பதாக முடித்திருந்தாள்.

வாசலில் நாலு பேர் நின்று சிரித்தார்கள். மறுநாள் பத்துப் பேர். மூன்றாவது செய்தி ஊரையே கூட்டியது: "ஒரே புத்தகத்துக்காகச் சட்டத் துறை மாணவிக்கும் பொறியியல் மாணவருக்கும் தகராறு. இப்போது சேர்ந்தே படிக்கிறார்கள். இடம்: மேல்மாடி, ஜன்னலோர மேசை."

வேடிக்கை பார்க்கப் படியேறியவர்களுக்கு ஜன்னல் வழியே கடற்காற்று வந்தது. சிலர் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் பையிலிருந்து பாடத்தை எடுத்தார்கள். அந்தச் சட்டத் துறை மாணவி விந்தி மட்டும் முகம் சிவக்க மெய்ஸ்கேவின் மேசைக்கு வந்தாள்.

"இபு, எங்களைப் பத்தி எழுதிட்டீங்களே!"

மெய்ஸ்கே பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள். "தப்புதாம்மா. எடுத்துடறேன்."

"எடுக்க வேண்டாம். அவன் பேரையும் எழுதியிருக்கலாம்ல? அதை நான் இன்னும் கேக்கவே இல்லை."

இரண்டு வாரத்தில் மேல்மாடியில் இடம் பிடிக்கக் காலையிலேயே வர ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து ஹெங்கி ஒரு நாள் வாசலில் நின்று பலகையைப் படித்தார். ஒரே இழுப்பில் காகிதத்தைக் கிழித்தார்.

"இது பல்கலைக்கழகமா, மீன் சந்தையா? இனிமே புத்தக விவரம் மட்டும்தான் எழுதணும். புரிஞ்சுதா?"

சுற்றி மாணவர்கள் நின்றார்கள். மெய்ஸ்கே தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

காலையில் ஓல்வி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். பலகை தெரியவே இல்லை. மேலிருந்து கீழ்வரை துண்டுக் காகிதங்கள், ஒவ்வொன்றும் ஒரு கையெழுத்து. "செய்தியைக் காணவில்லை. கண்டுபிடித்தவர்கள் இபு மெய்ஸ்கேவிடம் ஒப்படைக்கவும்." "மேல்மாடியில் நான் தூங்கியது உண்மை. குறட்டை விட்டது பொய்." "பொறியியல் மாணவர் பெயர் ரீவால்."

"நான் எழுதலைப்பா," என்றாள் மெய்ஸ்கே, யாரும் கேட்காமலே. ஒரு காகிதத்தையும் அவள் எடுக்கவில்லை.

மாதக் கடைசியில் ரெக்டர் தெல்மா வந்தார். கனத்த உடம்பு. படியேறி முடித்தபோது மூச்சு வாங்கியது. உட்கார நாற்காலி தேடினார். ஒன்றும் இல்லை. மேசைகளெல்லாம் நிரம்பி, ஜன்னல் திட்டிலும் தரையிலும் பிள்ளைகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். ஹெங்கி பதறிப்போய், "யாராவது எழுந்திருங்க!" என்று அதட்டினார்.

"வேண்டாம், படிக்கட்டும்," என்ற ரெக்டர், விந்தி நகர்ந்து கொடுத்த அரை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "பாக் ஹெங்கி, இங்க ஆளே வரதில்லைன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே?"

"அது... போன மாசம் வரைக்கும், இபு."

"வாசல்ல பல்லிக்கு என்ன ஆச்சுன்னு கேட்டு ஒருத்தர் எழுதியிருக்காரே. அந்தப் பல்லிச் செய்தியை எழுதற ஆள் யாரு?"

மெய்ஸ்கே முன்னால் வந்தாள். "நான்தான். பாக் ஹெங்கி எழுத வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

"நான் எழுதுங்கன்னு சொல்றேன். கூட்ட அரங்கத்துக்கு வேற இடம் பார்த்துக்கலாம். இந்த மாடி உங்களுக்குத்தான்."

உடனே எழுந்த கூச்சலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஓல்வி ஓடிவந்து மெய்ஸ்கேவைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை தேர்வு மண்டபத்திலிருந்து லாரி நிறைய நாற்காலிகள் வந்து இறங்கின. பிள்ளைகள் அவற்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி படியேறினார்கள். படி முனையில் மெய்ஸ்கே இடுப்பில் கைவைத்து நின்று, "ரீவால், சுவத்துல இடிக்காதே! விந்தி, அதை ஜன்னல் பக்கம் போடு!" என்று நூலகமே கேட்கக் கத்திக்கொண்டிருந்தாள்.